கம்பி தெரியும் கூரைக்கு யார் பொறுப்பு?

சொந்த வீடு இருக்கிறது. அதன் கூரைக்குக் கீழே பயமில்லாமல் படுக்க முடியவில்லை. பழுதுபார்க்கப் பணம் இல்லை; விட்டுவிட்டுப் போக வேறு இடமும் இல்லை. கொச்சியிலும் டெல்லியிலும் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இந்தக் குறையோடு நீதிமன்றப் படியேறினார்கள். கொல்லிமலையில் சோளக்காட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், அரசுத் தொகுப்பு வீடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கும் இதே குறைதான். நகரத்தில் அது வழக்காகிறது, தலைப்புச் செய்தியாகிறது. மலையில் கூரைமேல் ஒரு தார்ப்பாய் விரிப்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

தொகுப்பு வீடுகள் பழுதாகிக் கிடக்கின்றன என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஊரகப் பகுதிகளில் 2001-க்கு முன் ஏழைகளுக்குக் கட்டித்தரப்பட்ட வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் சீரமைக்கப்போவதாக 2024-இல் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. பழுதுபார்த்தும் பயனில்லாத வீடுகளை இடித்துக் கட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் இன்னொரு திட்டம் வந்தது. முதல் கட்டமாக 25,000 வீடுகள், 600 கோடி ரூபாய்.

இரண்டும் வரவேற்க வேண்டிய திட்டங்கள். ஆனால் வகுத்துப் பார்த்தால், பழுதுக்கு வீடு ஒன்றுக்குச் சராசரியாக 80,000 ரூபாய், மறுகட்டுமானத்துக்கு 2.40 லட்சம். சமவெளியில் உட்கார்ந்து போட்ட இந்தக் கணக்கு மலையேறும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

கூரை எப்படிக் கெடுகிறது?

ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் ஆகியோருக்காகவே அது முதலில் வகுக்கப்பட்டது. 1996-இல் தனித் திட்டமானது. 2016-இல் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமாக மாறியது. இடையில் மாநில அரசின் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், பசுமை வீடுகள் திட்டம் என்று பல வந்தன. பெயர் எதுவானாலும் மக்கள் வாயில் அது தொகுப்பு வீடு அல்லது காலனி வீடுதான்.

இவற்றில் முதலில் கட்டிய வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. கான்கிரீட் வீட்டுக்கு இது சாகும் வயதல்ல. ஒழுங்காகப் போட்ட தளம் இதைவிடப் பல ஆண்டுகள் நிற்கும். முப்பது வயதிலேயே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால், போட்ட நாளிலேயே கோளாறு இருந்திருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது அதைச் சுற்றியுள்ள சிமென்ட் உறை. தளத்தில் அந்த உறை 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை 456-இன் அடிப்படை. கவர் பிளாக் வைக்காமல் கான்கிரீட்டைக் கொட்டினால் கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிப் படுத்துவிடும். கையால் கலக்கும்போது தண்ணீர் கூடினால் கான்கிரீட் உறிஞ்சும் தன்மை பெற்றுவிடும். தளம் போட்டபின் நாள்கணக்கில் தண்ணீர் தேக்காவிட்டால் உறுதி வராது. உதவித்தொகை கூரையோடு தீர்ந்துபோய், மேலே தட்டோடு பதிப்பது 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நின்றுபோன வீடுகளும் உண்டு.

கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. மழை இல்லாத நாளிலும் மூடுபனி சுவரை நனைத்துவிட்டுப் போகும். அந்த ஈரம் கம்பிவரை இறங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். உறங்குகிறவர்மேல் காரை விழுவதன் பின்னணி இதுதான்.

வீட்டில் இருப்பவர்கள் சில அறிகுறிகளைத் தாங்களே கண்டுகொள்ளலாம். கூரையின் அடிப்பகுதியில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோட்டில் விரிசல், பழுப்புக் கறை, கோலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும் ஓசை. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த இடத்துக்கு நேர்கீழே குழந்தைகளைப் படுக்கவைக்கக் கூடாது.

துருப்பிடித்த கம்பியின் மேலேயே சிமென்ட் பூசி வெள்ளையடிப்பதால் பயனில்லை. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு மறுபடி விழும். நொய்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்திருந்தால் புதுக்கம்பி கட்டி, அதன்பின் பூச வேண்டும். மேலிருந்து தண்ணீர் இறங்குவதையும் நிறுத்த வேண்டும். அது தெரிந்த ஆள் வேண்டும், செலவும் பிடிக்கும்.

கைவேலை போய் காசுவேலை வந்தது

கான்கிரீட் வருவதற்கு முன் கொல்லிமலையில் மண்சுவரும் புல்கூரையும்தான். அந்த வீடுகளுக்கும் குறை இருந்தது. தீப்பிடிக்கும், பூச்சி சேரும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு வேண்டிய புல்லும் மரமும் மூங்கிலும் மலையிலேயே கிடைத்தன, வேலை தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். உறவும் அக்கம்பக்கமும் கூடினால் வேலை முடிந்துவிடும். கையில் காசில்லாத குடும்பமும் ஒழுகாத கூரைக்குக் கீழே இருக்க முடிந்தது.

கான்கிரீட் வீடு பாதுகாப்பைத் தந்தது, மதிப்பைத் தந்தது. பழங்குடியினர் புல்கூரையிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்கிறவன் நான் அல்லன். மண்வீட்டில் குடியிருக்கச் சொல்லி மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் உரிமை கான்கிரீட் வீட்டில் இருக்கும் யாருக்கும் கிடையாது. நான் சொல்ல வருவது, புதிய வீட்டைக் கொடுத்த அரசு அதைப் பராமரிக்கும் வழியைக் கூடவே கொடுக்கவில்லை என்பது. பழைய கூரையை ஊரே சேர்ந்து பழுதுபார்த்தது. புதிய கூரைக்குச் சிமென்டும் கம்பியும் எம்-சாண்டும் ஜல்லியும் மேஸ்திரியும் வேண்டும். இவை அத்தனையும் ரொக்கம் கேட்பவை.

அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான லாரிக்கு அந்த வளைவுகள் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு யூனிட் மணலுக்கும் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை. சோளக்காடு, செம்மேடு போன்ற பிரதானச் சாலையோர ஊர்கள்வரை வண்டி வந்துவிடும். அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புகளுக்கு மறுபடி ஏற்றி இறக்க வேண்டும். சாலை முடியும் இடத்துக்கு அப்பால் தலைச்சுமைதான். தனியாக ஒரு வீட்டுக் கூரையைக் கொத்திப் பூச சமவெளி மேஸ்திரி மலையேற வேண்டுமானால், போக்குவரத்தும் தங்கும் செலவும் கூலியோடு சேர்ந்துகொள்ளும். சிறிய வேலைக்கு அவர் வருவதே அபூர்வம்.

வருமானப் பக்கம் பாருங்கள். 2025-26-இல் நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் ஊதியம் 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழு ஊதியமும் கைக்கு வந்தாலும் 33,600 ரூபாய். அரசு பழுதுக்கு ஒதுக்கிய சராசரித் தொகையான 80,000 ரூபாய், அப்படிப்பட்ட இரண்டு ஆண்டு ஊதியத்தையும் தாண்டுகிறது. மறுகட்டுமானச் செலவு ஏழு ஆண்டு ஊதியம். மிளகு, காபி, பலா, அன்னாசி விற்ற பணம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது விளைச்சலையும் சந்தை விலையையும் பொறுத்தது, பள்ளிக் கட்டணமும் மருத்துவமும் அதற்கு முன்னதாகவே வரிசையில் நிற்கின்றன.

கடன் வாங்கலாமே என்றால், விற்கத் தடையுள்ள நிபந்தனைப் பட்டாவை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. பழைய வீட்டின் பழுதுக்குக் கடன் என்றால் இன்னும் தயக்கம். மிஞ்சுவது வட்டிக்காரர்.

விதி சொல்வதும் நடப்பதும்

தொகுப்பு வீட்டை யார் கட்டினார்கள் என்று கேட்டால், காகிதத்தில் ஒரே பதில்தான்: பயனாளி. இந்திரா குடியிருப்புத் திட்ட விதிகளின்படி ஒப்பந்ததாரருக்கு இடமே இல்லை. குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும், அரசு தவணையாகப் பணம் தரும். நல்ல எண்ணத்தில் எழுதிய விதி அது.

நடைமுறையில் கான்கிரீட் தளம் போடத் தெரியாத குடும்பம் என்ன செய்யும்? வெளியிலிருந்து வருகிற மேஸ்திரியிடம் ஒப்படைக்கும். அவர் ஒரே மூச்சில் பல வீடுகளை முடித்துவிட்டு இறங்கிப் போவார். சிமென்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வரும். வரைபடம் அரசுடையது. அளவு பார்த்துத் தவணை விடுவித்தது அரசுப் பொறியாளர். வீட்டுக்காரரின் பங்கு பெரும்பாலும் கையெழுத்தும் உடலுழைப்பும்தான். தளத்தில் கவர் பிளாக் வைத்தார்களா என்று அவர் எப்படிக் கேட்டிருப்பார்?

ஆனால் முப்பது ஆண்டு கழித்துக் காரை விழும்போது, 'அது உங்கள் வீடு, நீங்கள் கட்டியது' என்கிற பதில் வருகிறது. வடிவத்தையோ பொருளையோ தேர்ந்தெடுக்காதவர் தலையில், அவற்றின் குறைகளுக்கான செலவு விழுகிறது. இது நியாயமல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

இதைவிடக் கொடுமையான இன்னொன்று உண்டு. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் 2011-இன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது. கான்கிரீட் கூரையும் செங்கல் சுவரும் உள்ள வீடு அதில் 'பக்கா' வீடு. கம்பி தொங்கினாலும் பக்கா வீடுதான். அப்படிப் பதிவான குடும்பத்துக்குப் புதுவீடு கிடையாது. ஏற்கெனவே ஒரு திட்டத்தில் பயன்பெற்றவர் என்ற பதிவு இன்னொரு தடை. ஓலை வீட்டில் இருப்பவருக்குக் கதவு திறந்திருக்க, நொறுங்கும் கான்கிரீட் வீட்டில் இருப்பவர் இந்த இரண்டு தடைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறார்.

நகரத்தில் என்ன நடந்தது?

டெல்லி முகர்ஜி நகரில் டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டி விற்ற சிக்னேச்சர் வியூ குடியிருப்பில் 336 வீடுகள். கட்டிப் பதினைந்து ஆண்டுக்குள் குடியிருக்கத் தகுதியற்றவை ஆகிவிட்டன. 2024 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டும், ஆணையம் இடித்துக் கட்டித்தர வேண்டும், அதுவரை வாடகையும் தர வேண்டும் என்றது.

கொச்சி வைற்றிலாவில் ராணுவத்தினருக்காக அவர்களின் நல வீட்டுவசதி அமைப்பு கட்டிய சந்தர் குஞ்ச் கோபுரங்களும் அப்படித்தான். 2018-இல் ஒப்படைத்த இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்டித்தரும்படி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கோபுரத்தாருக்கு மாதம் 21,000 ரூபாயும், மற்றதில் இருந்தவர்களுக்கு 23,000 ரூபாயும் வாடகை தரச் சொன்னது.

இரண்டு தீர்ப்புகளிலும் வெளிப்படும் கொள்கை ஒன்றே. கட்டியவர் பொதுநல அமைப்பாகவே இருந்தாலும், கட்டுமானக் குறைக்கு அவரே பொறுப்பு. மாற்று இருப்பிடத்துக்கும் அவரே பொறுப்பு. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம், ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் நிழல் தொகுப்பு வீடுகளின்மேல் விழுவதில்லை.

சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1990-களில் கட்டிய குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில், 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்னதாகவே எல்லோரும் வெளியேறியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதன்பின் நகரக் குடியிருப்புகளின் உறுதியைச் சோதிப்பதும் சிதிலமானவற்றை இடித்துக் கட்டுவதும் வேகம் பிடித்தன. மலையில் வீடுகள் ஒவ்வொன்றாக, தனித்தனியாக நிற்பவை. ஒன்று விழுந்தால் அது ஒரு குடும்பத்தின் துயரம், செய்தித்தாளில் நான்கு வரி.

வெளிநாடுகளும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 2017-இல் 72 பேர் இறந்த பிறகு, பிரிட்டன் முழுவதும் ஆபத்தான வெளிப்பூச்சுப் பலகைகள் பொருத்திய இதேபோன்ற கட்டடங்களில் வீடு வாங்கியவர்களுக்குத் தாங்கவே முடியாத பழுதுக் கணக்குகள் வந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் தகுதியுள்ள வீட்டுக்காரர்களை அந்தப் பலகைகளை அகற்றும் செலவிலிருந்து விடுவித்தது. மற்ற பாதுகாப்புக் குறைகளுக்குப் பெரும்பாலானோரின் பங்குக்கு உச்சவரம்பு வைத்தது: லண்டனுக்குள் 15,000 பவுண்டு, வெளியே 10,000 பவுண்டு.

நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் சிங்கப்பூரில் இன்னும் தெளிவாக இருக்கிறது. அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகள் வயதாகும்போது அவற்றுக்கென வீட்டு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கூரைக் காரை பெயர்தல், கட்டமைப்பு விரிசல் போன்ற இன்றியமையாத பழுதுகளுக்குக் குடிமக்களிடம் காசு வாங்குவதில்லை. முழுச் செலவும் அரசுடையது. கதவு, கழிப்பறை போன்ற விருப்ப வேலைகளுக்கு மட்டும் வீட்டின் வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடுவரை கட்டுகிறார்கள். சிங்கப்பூர் பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். உயிர் காக்கும் பழுது வேறு, வசதிக்கான பழுது வேறு என்று அவர்கள் பிரித்த பிரிவுக்குப் பணக்கார நாடாக இருக்கத் தேவையில்லை.

கொல்லிமலையில் தொடங்கலாம்

முதலில், எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். நாமக்கல், சேலம் பகுதிகளின் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களை ஒன்றியப் பொறியாளர்களோடு அனுப்பினால், எல்லாத் தொகுப்பு வீடுகளையும் ஒரு பருவத்துக்குள் பார்த்துவிடலாம். உடனே காலிசெய்ய வேண்டியவை சிவப்பு, பழுதுபார்க்க வேண்டியவை மஞ்சள், நல்லவை பச்சை. ஆண்டு வரம்பு வைத்து வடிகட்டக் கூடாது. 2001-க்குப் பின் கட்டிய வீடு என்பதற்காகத் துரு காத்திருக்காது.

உதவித்தொகைக்கு மலை வீதம் வேண்டும். பிரதமர் திட்டமே சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப் பகுதிக்கு 1.30 லட்சம் என்று வித்தியாசம் காட்டுகிறது. அந்தப் பத்தாயிரம் போதாது என்பது வேறு. பழுதுத் திட்டத்திலும் மறுகட்டுமானத்திலும் பொருளை ஏற்றும் செலவைத் தனித் தலைப்பாகவே, சாலை முடியும் இடத்திலிருந்து வீடுவரை உள்ள தூரத்தையும் சேர்த்து, கணக்கிட வேண்டும். சிமென்டையும் கம்பியையும் மலையிலுள்ள பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே கீழ்விலையில் கிடைக்கச் செய்தால் பாதிச் சுமை குறையும்.

காகிதத் தடைகளைக் களைய வேண்டும். வீடு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், உள்ளே இருப்பது இளைய மகன் குடும்பமாக இருக்கும். வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் கேட்டு அலையவிட்டால் மழை முந்திக்கொள்ளும். அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்பதற்குக் கிராம சபைத் தீர்மானமும் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் போதுமென்று ஆக்கலாம். பொறியாளர் சிவப்பு என்று சான்றளித்த வீட்டை எந்தத் திட்டத்திலும் பக்கா வீடாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று மாநில அரசு மத்திய அரசிடம் வலியுறுத்த வேண்டும்.

பழுதுபார்க்க ஆள் மலையிலேயே உருவாக வேண்டும். கொல்லிமலையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கம்பித் துரு நீக்குதல், கூரைப் பழுது, நீர்க்கசிவு தடுத்தல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சி தந்து, அந்த இளைஞர்களின் குழுக்களிடமே வேலையை ஒப்படைக்கலாம். வேலை தேடி இறங்கும் பிள்ளைகளில் சிலருக்காவது ஊரிலேயே கூலி கிடைக்கும். போட்ட கூரை சரியில்லை என்றால் யாரிடம் கேட்பது என்றும் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

புதிதாகக் கட்டும் வீடுகளுக்குச் சமவெளியின் தட்டைத் தளத்தையே மலையிலும் போட வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். சரிவுக்கூரையும், சுவரை நனையவிடாத நீண்ட இறவாரமும் இந்த மழைக்கும் பனிக்கும் ஏற்றவை. புதுவீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரும் மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கும் மறுகட்டுமானத் திட்டத்துக்கும் மலை மாதிரி வரைபடம் ஒன்றைச் சேர்க்கலாம். எந்தத் திட்டமானாலும் தட்டோடோ வேறு நீர்க்காப்போ முடிந்த பிறகே கடைசித் தவணை என்பது விதியாக வேண்டும்.

பணம்? பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2024-25 நிதிநிலை அறிக்கையில் தொல்குடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கூரைப் பழுதைவிட அடிப்படையான வசதி வேறில்லை. ஊரக வளர்ச்சித் துறையின் உதவித்தொகைக்கும் மலையின் உண்மையான செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நிதியிலிருந்து தரலாம். ஒருமுறை அறிவித்து முடிக்கிற திட்டமாக இல்லாமல், அரசு உதவியில் கட்டிய எந்த வீடும் இருபது ஆண்டைத் தொடும்போது சோதனையும் பழுதும் தானாக வரும்படி ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும்.

சிவப்புப் பட்டியல் வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் இவை எதற்கும் காத்திருக்க நேரமில்லை. கொச்சியிலும் டெல்லியிலும் நீதிமன்றம் வாங்கித்தந்த மாத வாடகையை மலையில் அரசே முன்வந்து தரலாம். வாடகை வீடு கிடைக்காத சிற்றூர்களில் தகரக் கூரைத் தற்காலிகக் குடியிருப்பு அமைக்கலாம். ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் மூன்று நிறப் பட்டியலை வாசித்து ஒட்டும்படி ஊரக வளர்ச்சித் துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து ஓர் ஆணை பிறப்பித்தால், ஐப்பசி மழைக்கு முன் அந்தக் குடும்பங்களை வேறு கூரைக்கு மாற்ற இரண்டு மாத அவகாசம் இருக்கும்.